முட்டை அட்டையில் ஒரு பெயர்: குளவி ஆய்வாளர் ஜிரால்ட்டின் கதை

ஊரப்பாக்கத்தில் நான் குடியிருக்கும் அடுக்ககத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார். மகனோடு இங்கே வந்துவிட்டார் என்றாலும் மதுராந்தகம் பக்கத்தில் இரண்டரை ஏக்கர் கரும்பும் ஒரு ஏக்கர் நெல்லும் இன்னும் அவர் பொறுப்பில்தான் இருக்கின்றன. செங்கல்பட்டு வரை ரயில், அங்கிருந்து பஸ் என்று வாரத்தில் மூன்று நாளாவது போய்வந்துவிடுவார். போன ஆடி மாதம் ஒரு மாலையில் என் வீட்டுக்கு வந்தவர், சட்டைப் பையிலிருந்து இரண்டு டிரைக்கோகிரம்மா அட்டைகளை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்றில் சிற்றினப் பெயர், தயாரித்த நாள், குளவி வெளிவரும் நாள் எல்லாம் தெளிவாக எழுதியிருந்தது. மற்றதில் டிரைக்கோகிரம்மா என்று மட்டுமே இருந்தது. இரண்டிலும் கருப்பாகக் கடுகுத் தூள் போல முட்டைகள்.

பெயரில்லாத அட்டையை நான்கு முறை கரும்பில் கட்டியும் இடைக்கணுப்புழு குறையவில்லை என்பது அவர் குறை. அட்டை என்றால் எல்லாம் ஒன்றுதானே சார், இதில் என்ன வித்தியாசம் இருக்கப்போகிறது என்று கேட்டார். நியாயமான கேள்வி. கண்ணால் பார்த்தால் எனக்கும் வித்தியாசம் தெரியாது. ஒட்டுண்ணிக் குளவி அரை மில்லிமீட்டர் நீளம். குண்டூசித் தலையில் நான்கைந்து உட்காரலாம்.

அந்த அட்டையை வாங்கி வைத்துக்கொண்டேன். அதில் என்ன இருந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இந்தக் குளவிகளுக்குப் பெயர் வைப்பதையே வாழ்க்கையாக எடுத்துக்கொண்டு, அதற்காகவே சீரழிந்துபோன ஒரு மனிதரைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். நம் கரும்புக் குளவிக்கு நாம் பல ஆண்டுகள் அவர் வைத்த பெயரைத்தான் சொல்லி வந்தோம். அது தப்பான பெயர் என்று பிறகு தெரிந்தது. தப்பு அவர் மேல் இல்லை.

ஒட்டுண்ணிகளைத் தேடிய இளைஞர்

அலெக்சாண்டர் அர்சேன் ஜிரால்ட் 1884 ஜனவரியில் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் அன்னாபொலிஸ் என்ற ஊரில் பிறந்தார். பிரெஞ்சு வழி வந்த குடும்பம். வர்ஜீனியாவில் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து 1903-ல் பட்டம் பெற்றார். பிறகு அமெரிக்க வேளாண் துறையின் பூச்சியியல் பிரிவில் களப்பணி, அதன்பின் இல்லினாய்ஸில் வேலை. மற்றவர்கள் பயிரைத் தின்னும் பூச்சியைப் பார்த்தபோது, இவர் அந்தப் பூச்சியின் முட்டைக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தார். எந்தப் பூச்சியின் முட்டையில் எந்த ஒட்டுண்ணி வருகிறது என்று வட, தென் அமெரிக்கா முழுமைக்கும் பட்டியல் தொகுத்து வெளியிட்டபோது அவருக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை.

முட்டை ஒட்டுண்ணி என்பது நம் விவசாயிகளுக்குப் புதிதல்ல. தாய்க்குளவி, புழுவின் தாயான அந்துப்பூச்சி இட்ட முட்டையைத் தேடிப்பிடித்து அதற்குள் தன் முட்டையை வைக்கும். உள்ளே குளவிக்குஞ்சு வளர்ந்து, முட்டையின் சத்தைத் தின்று தீர்த்துவிடும். நான்காம் நாள் வாக்கில் முட்டை கருக்கும். ஒரு வாரம் பத்து நாளில் அதிலிருந்து புழுவுக்குப் பதில் குளவி வெளியே வரும். பயிரை ஒரு கடி கடிப்பதற்கு முன்பே பகை முடிந்துவிடுகிறது.

1911-ல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்திலிருந்து வேலைக்கு அழைப்பு வந்தது. கெய்ர்ன்ஸ் நகரை ஒட்டிய கரும்பு நிலத்தில், அப்போது நெல்சன் என்றும் பிறகு கோர்டன்வேல் என்றும் பெயர் பெற்ற ஊரில், கரும்பு ஆராய்ச்சி நிலையத்தின் பூச்சியியலாளர் பதவி. வேரைத் தின்னும் வெள்ளைப் புழுவுக்கு, நம் ஊரில் வேர்ப்புழு என்கிறோமே அந்த வகைக்கு, வழி கண்டுபிடிப்பதுதான் வேலை.

அந்த வேலையை அவர் செய்தார். ஆனால் மனம் முழுக்க வேறு இடத்தில் இருந்தது. வெப்பமண்டலக் காட்டு ஓரத்தில் வலையை வீசினால் இதுவரை யாரும் பெயர் வைக்காத குளவிகள் பத்தும் இருபதுமாக விழுந்தன. பகலில் கரும்பு, இரவில் விளக்கு வெளிச்சத்தில் குளவி. நெல்சனில் இருந்த மூன்று ஆண்டுகளில் அவர் எழுதிக் குவித்தவற்றைக் குயின்ஸ்லாந்து அருங்காட்சியகம் தன் வெளியீடுகளில் தொடர்ந்து அச்சிட்டது. 1912-ல் வந்த முதல் பகுதியில்தான் டிரைக்கோகிரம்மா ஆஸ்ட்ராலிக்கம் என்ற பெயர் இருக்கிறது. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு ஓராண்டு முன்பே டிரைக்கோகிரம்மட்டாய்டியா என்ற பேரினத்தையும் அவர்தான் தனியாகப் பிரித்து வைத்திருந்தார். அந்தப் பேரினத்தைச் சேர்ந்த பாக்ட்ரே என்ற குளவியைத்தான் இன்று முட்டைக்கோஸ் வைரமுதுகு அந்துப்பூச்சிக்கு விடச் சொல்கிறோம்.

இந்த இடத்தில் ஒரு துணைச் செய்தி. ஜிரால்ட் வேலை பார்த்த அதே கோர்டன்வேலில், அதே வேர்ப்புழுவுக்காக, 1935-ல் ஹவாயிலிருந்து கரும்புத் தேரையைக் கொண்டுவந்து விட்டார்கள். தேரை வேர்ப்புழுவை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் தின்று, இன்று ஆஸ்திரேலியாவின் பெரிய தலைவலியாக இருக்கிறது. வாயில் அகப்பட்டதையெல்லாம் விழுங்கும் தேரைக்கும், இன்ன வகைப் பூச்சியின் முட்டை என்று தேடிப்போகும் குளவிக்கும் உள்ள தூரம் அது. அந்தத் தேர்வுக் குணத்தால்தான் குளவியின் பெயர் முக்கியமாகிறது. கொஞ்சம் பெயர் மாறினாலும் தேடும் பூச்சியும் மாறிவிடும்.

அச்சுக்கூலிக்குக் கைக்காசு

1914-ல் ஜிரால்ட் அமெரிக்கா திரும்பினார். வாஷிங்டனில் தேசிய அருங்காட்சியகச் சேகரிப்பில் இருந்த குளவிகளைப் பார்க்கும் வேலை. 1917-ல் மீண்டும் குயின்ஸ்லாந்து. அதற்குப் பிறகு அவர் அமெரிக்காவில் நிலைத்து வாழவில்லை.

இங்கிருந்துதான் கதை கசக்கிறது. அவரிடம் திறமை இருந்த அளவுக்குப் பொறுமை இல்லை. பூச்சியைப் பற்றிய அறிவு பூச்சிக்காகவே தேடப்பட வேண்டும், பணத்துக்காக அல்ல என்பது அவர் கொள்கை. பயிர்ப் பாதுகாப்பு என்று பேசும் எங்களைப் போன்றவர்களை அவருக்குக் கண்டாலே ஆகாது. அவர் இருந்து இந்தப் பக்கத்தைப் படித்தால் என்னையும் விளாசியிருப்பார். மேலதிகாரிகளோடு மோதல், வேலை இழப்பு, மறுபடி வேலை, மறுபடி மோதல். அரசு வேலை இல்லாத காலங்களில் கிடைத்த கூலி வேலைக்கும் போனார். மனைவி எலிசபெத், ஐந்து பிள்ளைகள், சின்ன வாடகை வீடு.

பத்திரிகைகள் அவர் கட்டுரைகளை ஏற்கத் தயங்கியபோது, கைக்காசைப் போட்டுத் தானே அச்சடித்தார். இரண்டு பக்கம், நான்கு பக்கம் கொண்ட சிறு பிரசுரங்கள். அவற்றில் ஒரு குளவிக்கு மூன்று வரி வர்ணனை, அடுத்ததற்கு இரண்டு வரி, நடுவில் சொந்தக் கவிதை, அதற்கடுத்து அதிகாரிகள் மேல் ஒரு சாடல். புதுப் பேரினங்களுக்குத் தனக்குப் பிடித்த பெரியவர்களின் பெயர்களைச் சூட்டினார். கோதேயின் பெயரில் கோதேயானா, மொசார்ட் பெயரில் மொசார்ட்டெல்லா, புளூட்டார்க் பெயரில் புளூட்டார்க்கியா. கோதேயானாவில் ஒரு சிற்றினத்துக்கு ஷேக்ஸ்பியர் பெயர். ஊதியமில்லாத மனிதர் தன் மகிழ்ச்சிக்கு வைத்துக்கொண்ட பெயர்கள்.

ஒருமுறை கோபம் எல்லை மீறியது. கரும்பு நிலையத்தில் இருந்த இல்லிங்வொர்த் என்ற பூச்சியியலாளர் மேல் இவருக்கு ஆகாது. 1920-ல் ஒரு பிரசுரத்தில் ஷில்லிங்ஸ்வொர்த்தியா என்று ஒரு புதுப் பேரினத்தை வர்ணித்தார். தலை இல்லை, வாய் இல்லை, வயிறு இல்லை, வெறுமையின் உச்சம் என்று வர்ணனை. பிடித்த இடம் வியாழன் கிரகம். அப்படி ஒரு பூச்சியே கிடையாது. வகைப்பாட்டியல் மாணவர்கள் இதை இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். எனக்கு முழுதாகச் சிரிக்க வரவில்லை. அடுத்த வேளைக்கு வழியில்லாத வீட்டில், அச்சுக்கூலி கொடுத்து ஒருவர் செய்த கேலி அது.

அவர் குளவிகளைக் கண்ணாடிச் சில்லில் பதித்து வைத்த விதமும் அந்த வறுமையைச் சொல்லும். ஒரே சில்லில் நான்கைந்து சிற்றினங்கள் இருக்கும். ஒன்றின் தலை இங்கே, இன்னொன்றின் இறகு அங்கே. மேலே மூட உடைந்த கண்ணாடித் துண்டு. சீட்டில் நுணுக்கி நுணுக்கி எழுதிய எழுத்து. பின்னால் வந்தவர்கள் இந்தச் சில்லுகளை வைத்துக்கொண்டு படாத பாடு பட்டார்கள். பிரிஸ்பேன் அருங்காட்சியகத்தில் எட்வர்ட் டாம்ஸ் என்பவர் இவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பட்டியலிட்டு 1978 முதல் வெளியிட்டார். பூச்செக் என்ற செக் நாட்டு ஆய்வாளர் 1988-ல் ஆஸ்திரேலியக் குளவிகளைப் பற்றி எழுதிய பெரிய நூலிலும் பக்கத்துக்குப் பக்கம் ஜிரால்ட்தான். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட சிற்றினங்களுக்குத் தனி ஆளாகப் பெயர் வைத்தவரைத் தாண்டி யாரும் போக முடியாது.

1931-ல் மனைவி காசநோயில் இறந்தார். உலகப் பொருளாதார மந்தத்தில் அவருக்கு இருந்த அரசு வேலையும் போயிருந்தது. மனநலம் சிதைந்தது. 1941 மே மாதம் பிரிஸ்பேனை அடுத்த குட்னா மனநல மருத்துவமனையில் ஜிரால்ட் இறந்தார். வயது 57.

அதே 1941-ல் ஜப்பானில் இஷி என்ற ஆய்வாளர் தம் நாட்டு டிரைக்கோகிரம்மாக்களைப் பற்றி ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். அதில் ஒரு புதுக் குளவிக்கு கைலோனிஸ் என்று பெயர். கைலோ என்றால் தண்டுத் துளைப்பான் அந்துப்பூச்சியின் பேரினப் பெயர். நம் கரும்பு இடைக்கணுப்புழுவும் ஒரு கைலோதான். ஜிரால்ட்டின் பெயரும் இஷியின் பெயரும் நம் ஊர் வயலில் மோதிக்கொள்ள இன்னும் முப்பது ஆண்டுகள் இருந்தன.

பெங்களூருவில் தீர்ந்த வழக்கு

இந்தியாவில் 1930-களிலேயே கரும்புத் துளைப்பான்களுக்கு எதிராக டிரைக்கோகிரம்மாவைப் பெருக்கி விடும் முயற்சி மைசூர் பகுதியில் நடந்தது. அப்போதைய கட்டுரைகளில் குளவியின் பெயர் மினுட்டம் என்றோ இவனெசன்ஸ் என்றோ இருக்கும். ஒன்று அமெரிக்கப் பெயர், இன்னொன்று ஐரோப்பியப் பெயர். புத்தகத்தைப் பிரித்து, படத்தோடு ஒப்பிட்டு, கிட்டத்தட்டப் பொருந்துகிறது என்று வைத்தவை.

பொருந்தத்தான் செய்யும். டிரைக்கோகிரம்மாவில் நிறத்தை நம்ப முடியாது. ஒரே தாயின் குஞ்சுகளை மார்கழிக் குளிரில் வளர்த்தால் கருத்து வரும், சித்திரை வெயிலில் வளர்த்தால் மஞ்சளாக வரும். அளவையும் நம்ப முடியாது. பெரிய முட்டையில் வளர்ந்தது பெரிதாகவும், சிறிய முட்டையில் வளர்ந்தது சிறிதாகவும் இருக்கும். அண்ணன் தம்பியையே வேறு சாதி என்று எழுதிவிடலாம். வேறு சாதிகளை ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்றும் எழுதிவிடலாம். இரண்டும் நடந்தது.

பெங்களூருவில் 1957-ல் தொடங்கிய காமன்வெல்த் உயிரியல் கட்டுப்பாட்டு நிலையத்தில் சுதா நாகர்கட்டி, எச். நாகராஜா என்ற இருவர் இந்தச் சிக்கலை எடுத்துக்கொண்டார்கள். 1968-ல் வெளியான அவர்களுடைய முதல் ஆய்வு மிக எளிய ஒரு கேள்வியைக் கேட்டது. இந்தியக் குளவியையும் வெளிநாட்டுக் குளவியையும் சேர்த்து வைத்தால் பெண் குஞ்சு பிறக்கிறதா?

ஏன் பெண் குஞ்சு என்று கேட்பீர்கள். குளவி, தேனீ, எறும்புக் கூட்டத்தில் ஒரு விசித்திரம் உண்டு. ஆணோடு சேராமல் தாய் இடும் முட்டையும் பொரிக்கும். ஆனால் அதிலிருந்து ஆண் மட்டுமே வரும். ஆணின் விந்து சேர்ந்த முட்டையிலிருந்துதான் பெண் வரும். ஆகவே கருத்த முட்டை ஒவ்வொன்றையும் தனித்தனிக் கண்ணாடிக் குழலில் போட்டு, வெளிவரும் கன்னிப் பெண் குளவியை எடுத்து, வேறு நாட்டு ஆணோடு விட வேண்டும். அந்தத் தாய்க்குப் பெண் குஞ்சு பிறந்தால் இரண்டும் உறவு. ஆண் மட்டுமே பிறந்தால், சேர்க்கை பலிக்கவில்லை, இரண்டும் வேறு இனம். மாட்டைக் கழுதையோடு கட்டி வைத்துப் பார்ப்பது போன்ற சோதனைதான். ஆனால் அரை மில்லிமீட்டரில்.

இந்தியக் குளவி, மினுட்டத்தோடும் ஒட்டவில்லை, இவனெசன்ஸோடும் ஒட்டவில்லை. அப்படியானால் உடலில் எங்கேயோ ஒரு அடையாளம் இருந்தாக வேண்டும். அவர்கள் ஆண் குளவியின் இனப்பெருக்க உறுப்பைப் பிரித்தெடுத்துக் கண்ணாடிச் சில்லில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். ஒவ்வொரு இனத்துக்கும் அந்த உறுப்பின் வடிவம் வேறாக இருந்தது. வெயிலோ குளிரோ பெரிய முட்டையோ சின்ன முட்டையோ எதுவும் அதை மாற்றவில்லை. 1971-ல் அவர்கள் பழைய சிற்றினங்களை இந்த அடையாளத்தோடு மறுபடி வர்ணித்தார்கள். அதன்பின் உலகம் முழுவதும் டிரைக்கோகிரம்மாவைப் பிரிக்கும் முறையே மாறியது. பெங்களூருவில் பிறந்த வேலை இது என்பது நம் கல்லூரிப் பாடங்களில் அழுத்திச் சொல்லப்படுவதில்லை. எனக்கு அதில் ஒரு வருத்தம் உண்டு.

இப்போது ஜிரால்ட் மறுபடி வருகிறார். மினுட்டம் இல்லை, இவனெசன்ஸ் இல்லை என்று ஆன இந்தியக் குளவிக்கு அவர்கள் அப்போது பொருத்திய பெயர் ஜிரால்ட் 1912-ல் வைத்த ஆஸ்ட்ராலிக்கம். தமிழ்நாட்டில் எழுபதுகளின் கரும்பு ஆராய்ச்சி அறிக்கைகளைப் பிரித்தால் இந்தப் பெயரைக் காணலாம். ஆனால் 1976-ல் இத்தாலிய ஆய்வாளர் விஜியானி, ஜிரால்ட்டின் ஆஸ்ட்ராலிக்கமும் இந்தியாவில் அந்தப் பெயரில் உலவும் குளவியும் ஒன்றல்ல என்று காட்டினார். இந்தியக் குளவிக்கு அவர் கன்ஃப்யூசம் என்று புதுப்பெயர் வைத்தார். குழப்பம் என்று பொருள். பொருத்தமான பெயர்தான். மூன்று ஆண்டு கழித்து, 1979-ல், நாகர்கட்டியும் நாகராஜாவுமே அந்தக் கன்ஃப்யூசமும் ஜப்பானின் கைலோனிஸும் ஒன்றே என்று எழுதி வழக்கை முடித்தார்கள். முந்திய பெயருக்கே உரிமை என்பது வகைப்பாட்டியல் விதி. அதனால் இன்று உங்கள் அட்டையில் டிரைக்கோகிரம்மா கைலோனிஸ் என்று இருக்கிறது.

தாங்கள் வைத்த பெயர் தப்பு என்று பிறர் காட்டிய பிறகு, அதைத் தாங்களே ஏற்று அடுத்த அடி எடுத்து வைத்த அந்த இருவரை நான் மிகவும் மதிக்கிறேன். ஜிரால்ட்டிடம் இல்லாத குணம் அது. அதே நேரத்தில், அவருடைய உடைந்த கண்ணாடிச் சில்லு பிரிஸ்பேனில் பத்திரமாக இருந்திராவிட்டால், எது ஆஸ்ட்ராலிக்கம், எது இல்லை என்று யாரும் ஒப்பிட்டுச் சொல்லியிருக்க முடியாது. வர்ணனை மூன்று வரிதான். ஆனால் குளவி இருந்தது.

ஆணே இல்லாத கூட்டம்

ஆண் உறுப்பைப் பார்த்துப் பிரிக்கும் முறையிலும் ஒரு ஓட்டை உண்டு. சில டிரைக்கோகிரம்மா கூட்டங்களில் ஆணே பிறப்பதில்லை. தலைமுறை தலைமுறையாகப் பெண், பெண், பெண். ஓல்பாக்கியா என்ற பாக்டீரியா குளவியின் உடலுக்குள் குடியேறி, ஆண் சேராத முட்டையையும் பெண்ணாக மாற்றிவிடுகிறது. 1990-ல் ஸ்டவுட்டமரும் அவருடன் இருந்தவர்களும் இந்தக் குளவிகளுக்குத் தேனில் நோயுயிர்க்கொல்லி மருந்தைக் கலந்து கொடுத்தார்கள். பாக்டீரியா செத்தது, ஆண் குளவி பிறந்தது.

ஒவ்வொரு முறையும் மருந்து கொடுத்து ஆண் வரவழைத்துப் பெயர் பார்க்க முடியுமா? அதற்குத்தான் மரபணு வந்தது. ஐடிஎஸ்-2 என்ற மரபணுப் பகுதியின் நீளமும் எழுத்து வரிசையும் டிரைக்கோகிரம்மா இனத்துக்கு இனம் வேறுபடுகின்றன என்று 1999-ல் ஸ்டவுட்டமர், பின்டோ முதலியோர் காட்டினார்கள். ஒரு குளவி போதும். பெண்ணாக இருந்தாலும் சரி, இறகு உடைந்திருந்தாலும் சரி, பிசிஆர் கருவியில் அந்தப் பகுதியைப் பெருக்கிப் படித்து இனத்தைச் சொல்லிவிடலாம். ஆனால் படித்த வரிசையை எதோடு ஒப்பிடுவது? ஏற்கெனவே உடல் அமைப்பை வைத்துச் சரியாகப் பெயரிட்ட குளவியின் வரிசையோடுதான். அடியில் தப்பான பெயர் இருந்தால் மரபணுவும் அந்தத் தப்பையே திருப்பிச் சொல்லும். இரண்டும் சேர்ந்துதான் வேலை செய்ய முடியும்.

பருத்தி வயலுக்கு வந்த பழைய பெயர்

2005-க்குப் பிறகு வட இந்தியாவிலும் குஜராத்திலும் பருத்தியை மாவுப்பூச்சி சுருட்டியது பலருக்கு நினைவிருக்கும். சோலனாப்சிஸ் மாவுப்பூச்சி. நம் பக்கத்திலும் பருத்தி, வெண்டை, செம்பருத்தி என்று ஏறியது. மருந்துக்குக் கட்டுப்படாத அந்த மாவுப்பூச்சியை ஒரு சிறு கருங்குளவி தானாகவே வந்து அடக்கியது. யாரும் இறக்குமதி செய்யவில்லை. அலிகரின் குளவி நிபுணர் முகமது ஹயாத் 2009-ல் அதற்கு அனேசியஸ் பம்பவாலே என்று பெயர் வைத்து வர்ணித்தார். நாமும் அந்தப் பெயரில்தான் பயிற்சிகளில் பேசினோம்.

2014-ல் அந்தப் பெயரும் மாறியது. ஒப்பிட்டுப் பார்த்தபோது அதே குளவிக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே பெயர் இருந்தது தெரிந்தது. அரிசோனென்சிஸ். வைத்தவர் ஜிரால்ட். ஆண்டு 1915. வாஷிங்டனில் இருந்த அந்தச் சில ஆண்டுகளில், அமெரிக்காவின் அரிசோனாவிலிருந்து வந்த மாதிரியைப் பார்த்து எழுதியது.

இது வெறும் பெயர் விளையாட்டு அல்ல. இந்தியாவில் மட்டுமே உள்ள புதுக் குளவி என்று நினைத்தவரை, அதைப் பற்றிய கதை இங்கேயே தொடங்கியது. அமெரிக்கக் குளவி என்று தெரிந்தபின், மாவுப்பூச்சி வந்த அதே கண்டத்திலிருந்து அதன் எதிரியும் பின்னாலேயே வந்திருக்கிறது என்று புரிகிறது. அடுத்த மாவுப்பூச்சி வரும்போது எங்கே தேட வேண்டும் என்பதற்கு அது ஒரு திசைகாட்டி. பப்பாளி மாவுப்பூச்சிக்கு 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து குளவி வந்ததும் அப்படித் தேடித்தான்.

பருத்தியிலோ வெண்டையிலோ மாவுப்பூச்சிக் கூட்டத்துக்கு நடுவே, தோல் கெட்டியாகிப் பழுப்பு நிறத்தில் உருண்டு கிடக்கும் கூடுகளைக் கண்டால் அந்தச் செடியில் மருந்தடிக்காதீர்கள். உள்ளே ஜிரால்ட்டின் குளவி இருக்கிறது.

பெரியவரின் அட்டை

அட்டையை ஒரு கண்ணாடிக் குழலில் போட்டுப் பஞ்சால் அடைத்து வைத்தேன். இரண்டாம் நாள் காலையில் குளவிகள் வந்துவிட்டன. ஆய்வகத்துக்கு எடுத்துப்போய்ப் பத்து ஆண் குளவிகளைச் சில்லில் பதித்து, நாகர்கட்டி, நாகராஜா காட்டிய அந்த உறுப்பைப் பார்த்தேன். பத்தும் ஜப்பானிக்கம். கைலோனிஸ் ஒன்றுகூட இல்லை. டிரைக்கோகிரம்மா ஜப்பானிக்கம் நல்ல குளவி. ஆனால் அது நெல் தண்டுத் துளைப்பானுக்கு உரியது. கரும்பு இடைக்கணுப்புழுவுக்கு நாம் சிபாரிசு செய்வது கைலோனிஸ். நெல்லிலேயே இலைச்சுருட்டுப்புழுவுக்குக் கைலோனிஸ், தண்டுத் துளைப்பானுக்கு ஜப்பானிக்கம் என்று பிரித்துத்தான் கட்டச் சொல்கிறோம்.

அட்டை வாங்கும்போது சிற்றினப் பெயரும், தயாரித்த நாளும், குளவி வெளிவரும் நாளும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால் வாங்காதீர்கள். ஒரு சிசி அட்டையில் 18,000 முதல் 20,000 முட்டை வரை இருக்கும். கரும்புக்கு நான்காம் மாதத்திலிருந்து 15 நாளுக்கு ஒருமுறை, ஆறு முறை, ஏக்கருக்கு ஒரு சிசி கைலோனிஸ். நெல்லில் நட்ட 30, 37-ஆம் நாள்களில் ஏக்கருக்கு இரண்டு சிசி ஜப்பானிக்கம். இலைச்சுருட்டுப்புழுவுக்கு 37, 44, 51-ஆம் நாள்களில் அதே அளவு கைலோனிஸ். அட்டையைத் துண்டுகளாக நறுக்கி, இலையின் அடிப்பக்கத்தில், வெயில் ஏறுமுன் அல்லது தாழ்ந்தபின் கட்டுங்கள். கட்டுவதற்கு முன்னும் பின்னும் ஒரு வாரமாவது பூச்சிக்கொல்லி வேண்டாம். பெயர் சரியாக இருந்தும் பலன் இல்லையென்றால், ஒரே இனத்துக்குள் வெயில் தாங்கும் கூட்டம், தாங்காத கூட்டம் என்றும் உண்டு. கோடைக் கரும்பு என்றால் அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

பெரியவரிடம் விஷயத்தைச் சொன்னேன். நான்கு முறை கட்டிய செலவும் கூலியும் போனது அவருக்கு வருத்தம்தான். ஆனால் மீதி இருந்த அட்டைகளை வீணாக்கவில்லை. அவருடைய நெல் நட்டு அன்றைக்கு முப்பத்திரண்டாம் நாள். அடுத்த ரயிலைப் பிடித்துப் போய் நெல்லில் கட்டிவிட்டு வந்தார். போன வாரம் கரும்புக்குப் புது அட்டை வாங்கியிருக்கிறார். ஒவ்வொன்றின் பின்னாலும் பேனாவால் கைலோனிஸ் என்றும் தேதியும் அவரே எழுதி வைத்திருக்கிறார்.